கட்டிலுக்கடியில் சுண்ணாம்புப் பானை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம். கோட்டைக்கு வடக்கே ஏரிக்கரையை ஒட்டி முப்பது குடிசைகள் இருந்தன. அந்தக் குப்பத்தில் வலை வீசுகிறவர்களைவிடக் கிளிஞ்சல் வாருகிறவர்கள்தான் அதிகம். ஆண்கள் ஏரியில் இறங்கிக் கிளிஞ்சலை வாரிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பெண்கள் அதைக் கழுவி, காளவாயில் அடுக்கி, சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றிச் சுண்ணாம்பாக்குவார்கள். கோட்டைக்காரர்களுக்கு எவ்வளவு சுண்ணாம்பு கொடுத்தாலும் போதாது. ஒரு மதிலைப் பூசி முடிப்பதற்குள் உப்புக்காற்று இன்னொரு மதிலைத் தின்றிருக்கும்.

தனக்கோடி அந்தக் காளவாயில் இருபது வருஷம் வெந்தவள். ஒரு கிளிஞ்சலை எடுத்து விரலால் சுண்டினால் போதும், வெந்ததா வேகாததா என்று சொல்லிவிடுவாள். நன்றாக வெந்தது அப்பளம்போல லேசாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சீறும். வேகாதது எத்தனை குடம் ஊற்றினாலும் சும்மா கிடக்கும். மனுஷரிலும் இந்த ரெண்டு வகைதான் என்பாள். அவள் எந்த வகை என்று குப்பத்தில் யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

அவள் புருஷன் வேணு ரெண்டாவது வகை. அதிர்ந்து பேசமாட்டான். அவன் காலாலேயே பார்க்கிறவன். மார்பளவு தண்ணீரில் நின்றபடி அடிச்சேற்றைப் பாதத்தால் தடவிக்கொண்டே போவான். கிளிஞ்சல் எங்கே குவிந்திருக்கிறது, அதில் உயிருள்ளது எது, வெறும் ஓடு எது என்று அவன் கால்விரலுக்குத் தெரியும். பிள்ளைகள் இல்லை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உழைத்து, சாயங்காலம் ஒரே சட்டியில் சோற்றைப் பிசைந்து தின்று, எந்தக் குறையும் சொல்லாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை கடைசிவரை விடவில்லை. மழையில் கோட்டையின் ஒரு பக்கத்து மதில் சரிந்துவிட்டது. சுண்ணாம்பு வேண்டும், உடனே வேண்டும் என்று ஆள்மேல் ஆள் வந்தது. மற்றவர்கள் ஒரு நாள் இறங்கினால் மறுநாள் கரையில் குந்தினார்கள். வேணு மட்டும் தினமும் இறங்கினான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வராது. கார்த்திகை மூன்றாம் வாரம் காய்ச்சல் கண்டது. பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது, ஆனால் குளிர் இறங்கவில்லை. நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். கால் ரெண்டும் ஐஸ்போல என்று இன்றைக்கு நாம் சொல்லுவோம். அவர்களுக்கு ஐஸ் தெரியாது, ஏரித் தண்ணீர்தான் தெரியும். காலைத் தொட்டால் ஏரித் தண்ணீரைத் தொட்டதுபோல இருந்தது.

வைத்தியர் வேதாசலம் வந்து நாடி பிடித்தார். வெளியே வந்து தனக்கோடியிடம் மட்டும் சொன்னார்.

"சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு. மருந்து தர்றேன், ஆனா மருந்து பாதிதான். வாடைக்காத்து மேல படக்கூடாது. கால் சூடா இருக்கணும். மாசி பொறந்து வெயில் ஏறிடுச்சுன்னா பொழைச்சுக்குவான்."

"மாசி பொறக்க ரெண்டு மாசம் கீதே ஐயா."

"அதத்தான் சொல்றேன்" என்றார் வைத்தியர்.

ஆக, மார்கழி, தை. இந்த ரெண்டு மாசத்தை அவனைக் குளிர் தொடாமல் கடத்திவிட்டால் புருஷன் அவளுக்கு. இல்லையென்றால் இல்லை. தனக்கோடி அதற்குமேல் யோசிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குடிசையைச் சுற்றிப் பார்த்தாள்.

படுக்கையறை என்று சொல்ல அந்தக் குடிசையில் ஒன்றும் கிடையாது. பனையோலைத் தட்டியால் நாலு பக்கம், மேலே ஓலைக்கூரை, உள்ளே ஒரே கூடம். ஒரு மூலையில் கயிற்றுக் கட்டில், மறு மூலையில் பானைகள், நடுவில் காற்று. வெயில் காலத்தில் அந்தக் காற்றுதான் சொத்து. மார்கழியில் அதுவே எமன். தனக்கோடி ஒரு கோழியிறகை நூலில் கட்டித் தட்டி நெடுக ஓரோர் இடமாகப் பிடித்துப் பார்த்தாள். இறகு ஆடாத இடமே இல்லை.

முதலில் கட்டிலிருந்த மூலையை மட்டும் தனியாக மறைத்தாள். படகில் கட்டிக் கிழிந்துபோன பழைய பாய்த்துணி ஒன்றை மைத்துனன் முறைக்காரன் ஒருவனிடம் வாங்கி, ரெண்டாக மடித்து, கூரையிலிருந்து தொங்கவிட்டாள். கட்டிலும் அவள் பாயும் கொள்ளுகிற அளவுக்கு ஒரு சின்ன அறை கிடைத்தது. பக்கத்துக் குடிசை மணியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மாமனுக்குத் தனி மாளிகையா?" என்று கேட்டாள். "ஆமா, உனுக்கும் வேணும்னா உன் புருஷன ஏரில தள்ளு" என்றாள் தனக்கோடி. மணியம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்தது தட்டியில் இருந்த சந்துகள். இங்கேதான் ஏரிக்கரைக்காரி செய்கிற தப்பைச் செய்தாள். கைக்கெட்டிய சேறு ஏரிச் சேறு. கருகருவென்று, வெண்ணெய்போல, பூசினால் ஒட்டிக்கொள்ளும். ரெண்டு நாள் குனிந்து வாரி, அறையின் ரெண்டு பக்கத்துத் தட்டியிலும் பூசி, கையால் மெழுகி வழவழப்பாக்கினாள். பகலில் காய்ந்து சாம்பல் நிறமாக நின்றது. பார்க்க அழகாக இருந்தது. அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை வந்துவிட்டது.

மறுநாள் விடியலில் வேணு போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிச் சுவரைத் தொட்டான்.

"தனம், செவுரு வேர்க்குது மே."

உண்மைதான். சுவர் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஏரிச் சேற்றில் உப்பு. உப்பு பனியை இழுத்துக் குடிக்கும். பிறந்ததிலிருந்து உப்போடேயே புழங்கினவளுக்கு அது தோன்றவில்லை. கருவாட்டுப் பானை மார்கழியில் கசிவதைப் பார்த்து வருஷாவருஷம் திட்டியவள்தான், ஆனால் அந்த உப்பும் இந்தச் சேறும் ஒன்று என்று சேர்த்துப் பார்க்கவில்லை. காற்றை நிறுத்தப்போய் ஈரத்தைக் கூட்டிக்கொண்டுவந்து புருஷன் பக்கத்தில் படுக்கவைத்திருந்தாள். தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, பூசியதையெல்லாம் அன்று மத்தியானமே சுரண்டி எடுத்தாள்.

மறுநாள் ஒரு கூடை கருவாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு திருப்பாலைவனத்துக்கு நடந்தாள். அங்கே வீரராகவன் என்று ஒரு குடியானவர். அவர் வீட்டு அம்மாளுக்குத் தனக்கோடியின் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. கருவாட்டைக் கொடுத்து, வயல் களிமண்ணும், உமியும், ஒரு கட்டு வைக்கோலும் கேட்டாள். மாட்டுக்கே வைக்கோல் குறைந்திருக்கிற மாசம் அது. அறுப்புக்கு இன்னும் நாளிருந்தது. வீரராகவன் தயங்கினார்.

"மாட்டுக்கு வெச்சதும்மா அது."

"எங்க வூட்டு ஆம்பளயும் மாடுதான்யா. மாடு மாதிரி ஒழைச்சுத்தான் படுத்துக் கெடக்குது" என்றாள் தனக்கோடி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்ணும் வைக்கோலும் ஏரிக்கரை வரை அவர் வண்டியிலேயே வந்தன.

களிமண்ணில் உமியும் சாணமும் கலந்து, குடிதண்ணீர் ஊற்றிக் குழைத்துப் பூசிய சுவர் வேர்க்கவில்லை. கட்டிலின் கயிற்றுக்குமேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் பழம்புடவைகளை நாலு அடுக்காகத் தைத்த மெத்தை விரித்தாள். கீழே தன் பாய்க்கடியிலும் மிச்ச வைக்கோலைத் தூவிக்கொண்டாள். அறைக்குள் நுழைந்தால் நெல் வாசனை அடித்தது. கோழியிறகு ஆடாமல் தொங்கியது. ஒரு ஆளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

ஆனால் கால் சூடாகவில்லை. தினமும் விடியலில் போர்வைக்குள் கையை விட்டு வேணுவின் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பாள். அதே ஏரித் தண்ணீர். கணப்புச் சட்டியில் கரி போட்டு வைத்தால் ஆகுமென்று ஒரு நாள் வைத்தாள். புகை கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமே அவன் நெஞ்சைப் பிடித்து உலுக்கிவிட்டது. இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. போதாததற்கு மேலே ஓலைக்கூரை. ஒரு பொறி போதும், முப்பது குடிசையும் போய்விடும். சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஒல்லாந்தர் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொண்டுபோகிற வேலை வந்தது. அந்த வீட்டில் சமையலுக்கு இருந்தவள் எலிசபெத். மாதா கோயில் தெருக்காரி, தனக்கோடியைவிடச் சின்னவள், வாய் நிறையப் பேசுகிறவள். கூடையை இறக்கிவைத்த தனக்கோடி உள்ளே பார்த்தாள். வீட்டுக்காரக் கிழவி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சின்ன மரப்பெட்டியின்மேல் ரெண்டு காலையும் வைத்து, பாவாடையால் பெட்டியை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூடியில் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"இன்னாடி அது, கோழி கீதா உள்ள?"

எலிசபெத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இல்லக்கா. உள்ள ஒரு சட்டில கரித்தணல். அவங்க ஊர்ல இதவிடக் குளிராம். காலு ஒண்ணு சூடானா போதும், ஒடம்பு தானா சூடாயிடும்னு சொல்லுவாங்க."

"பொகையாதா?"

"பொகையும். எனுக்குக் கண்ணு எரியும். அவங்களுக்குப் பழகிடுச்சு."

தனக்கோடி அந்தப் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கரி வேண்டாம், புகை வேண்டாம், தீயே வேண்டாம், ஆனால் சூடு வேண்டும். இருபது வருஷமாக அவள் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது எது? சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்தால் பானையே கொதிக்கிறது. தீ இல்லை, புகை இல்லை. இதை வைத்துக்கொண்டா புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சீமைச் சரக்கு வந்து இறங்கிய பழைய மரப்பெட்டி ஒன்று அந்த வீட்டுக் கொல்லையில் கிடந்தது. எலிசபெத்திடம் கேட்டு, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

காளவாய் மேஸ்திரி நாகப்பன் அவளுக்கு அண்ணன் முறை. கிளிஞ்சல் கணக்கில் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற ஆள். வெந்த கிளிஞ்சல் தினம் ஒரு கூடை வேண்டும் என்று அவள் போய் நின்றதும் குதித்தான்.

"கோட்டைக்குப் போற சரக்கு மே அது! உன் வூட்டுக்கு இன்னாத்துக்கு?"

"அண்ணே, சரக்க நீ நீத்தாம அப்பிடியேவா அனுப்பப் போற?"

"நீத்தித்தான் அனுப்புவோம்."

"அதான். நீ இங்க நீத்துறத நான் அது கட்டிலுக்கடில நீத்தி, காலைல பொடியாக் கொண்டாந்து தர்றேன். ஒரு புடி கொறைஞ்சா என்னைக் கேளு."

நாகப்பன் ஒரு கூடையை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அன்றிலிருந்து கோட்டை மதிலுக்குப் போன சுண்ணாம்பில் ஒரு பங்கு வேணுவின் காலடியில் நீறியதுதான். ஒல்லாந்தருக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் மதில் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

முதல் நாள் அமர்க்களம்தான். காளவாயில் நீற்றுகிற கை அளவு வீட்டுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியவில்லை. அரைப் பானை கிளிஞ்சலைப் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றி, பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். நாலு மூச்சு விடுவதற்குள் பானை சீறியது, குமுறியது, பட்டென்று வெடித்தது. வெள்ளைக் குழம்பு நாலு பக்கமும் தெறித்தது. மூன்று வாரமாக ஒருக்களித்துப் படுக்கவே திணறிய வேணு ஒரே துள்ளாகத் துள்ளிக் கட்டிலைவிட்டுக் கீழே நின்றான். தனக்கோடியின் மணிக்கட்டு வெந்துபோய்விட்டது. அவள் அதைக் கவனிக்காமல் அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சிட்டியே!"

"எந்திரிக்காம? என்னையும் நீத்திக் கோட்டைக்கு அனுப்பிடலாம்னு பாக்குறியா?" என்றான் வேணு. அப்புறம் ரெண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அவனுக்கு இருமலாக மாறியது, ஆனாலும் சிரித்தான். நல்லெண்ணெய் எடுத்து அவள் மணிக்கட்டில் அவன்தான் தடவினான்.

அதற்கப்புறம் பதம் பிடிபட்டது. கனத்த பானையாகப் பார்த்து எடுத்தாள். பெட்டியில் ஏரி மணலை நிரப்பி, அதற்குள் பானையைப் புதைத்தாள். மணல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விட்டது, வைக்கோலும் கருகவில்லை. தண்ணீரை ஊற்றாமல், வேப்பங்கொத்தால் தொட்டுத் தொட்டுத் தெளித்தாள். பானை வாயைத் துணியால் கட்டி, பெட்டி மூடியில் நாலு ஓட்டை போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தெளிப்பு, படுக்கும்போது ஒரு தெளிப்பு, கோழி கூவும்போது புதுக் கிளிஞ்சல் போட்டு ஒரு தெளிப்பு. பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில், கயிற்றுக்கு நேர் கீழே வைப்பாள். அந்தப் பக்கம் மட்டும் வைக்கோலை விலக்கியிருந்தாள்.

நாலாம் நாள் விடியலில் போர்வைக்குள் கையை விட்டாள். பாதம் வெதுவெதுவென்று இருந்தது. ரெண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கால், விரல், குதிகால், எல்லாம் சூடு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வருகிற அழுகை அவளுக்குப் பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல், அவனை எழுப்பி, "கஞ்சி குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

மார்கழி நகர்ந்தது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான், அல்லது தேறியதுபோல இருந்தான். வைத்தியர் ஒரு தடவை வந்து, அறைக்குள் நுழைந்து, பாயில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனசில்லாமல் அரை நாழிகை உட்கார்ந்திருந்தார். "கோட்டைக்குள்ள கூட இப்பிடி ஒரு அறை இருக்காதும்மா" என்றார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தனக்கோடி அறையைப் பற்றி அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள், சொல்லாததை விட்டுவிட்டாள்.

மணியம்மாள் தன் மருமகளுக்குப் பேறுகாலம் வந்தபோது பெட்டி கேட்டு வந்தாள். "மாளிகைனு சிரிச்சியே?" என்று தனக்கோடி ஒரு பிடி பிடித்துவிட்டு, அப்புறம் தானே போய்ப் பானை வைத்துக் கொடுத்தாள். தை பிறப்பதற்குள் குப்பத்தில் ஆறு குடிசையில் கட்டிலுக்கடியில் சுண்ணாம்பு நீறியது. நாகப்பன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் மூட்டுவலி என்று அவனே ஒரு பெட்டி செய்து வைத்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

தை முதல் வாரம் வேணு எழுந்து உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டான். ரெண்டாம் வாரம் திரும்பவும் படுத்தான். இருமல் கூடியது. வாடை கடைசி மூச்சைப் பிடித்து வீசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தனக்கோடி தெளிப்பை மூன்றிலிருந்து நாலாக்கினாள். ராத்திரி முழுக்க அவன் இருமல் சத்தம்தான் அவளுக்குத் தூக்கம். இருமினால் எழுந்து தண்ணீர் கொடுப்பாள், இருமல் நின்றால் கண்ணை மூடுவாள்.

"மாசிக்கு இன்னும் எத்தினி நாளு?" என்று ஒரு சாயங்காலம் அவன் கேட்டான்.

"ஒம்பது நாளு."

"மாசில தண்ணி வத்தும். வடக்கால திட்டுப் பக்கம் போவணும். அங்க கிளிஞ்ச நெறைய கெடக்குது, கார்த்திகைலயே கால்ல பட்டுச்சு. யாருக்கும் சொல்லல."

"நான் மட்டும் யாருக்குச் சொல்லப் போறேன்?"

"நீ சொல்லுவ. கோவம் வந்தா எல்லாத்தியும் சொல்லுவ" என்றான். அவள் போர்வையை இழுத்து அவன் கழுத்துவரை மூடினாள்.

அதற்கு மூன்றாம் நாள், விடியலில் காளவாய் பிரிக்கிற வேலை. ரெண்டு நாள் எரிந்து ஆறிய காளவாயை வெயில் ஏறுவதற்குள் பிரித்துக் கிளிஞ்சலை எடுத்தாக வேண்டும். கோழி கூவியதும் தனக்கோடி எழுந்தாள். எழுந்த பிறகுதான் தோன்றியது: இடையில் ஒரு தடவைகூட விழிக்கவில்லை. அவன் இருமவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக நடுவில் இருமாமல் தூங்கியிருக்கிறான். சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தான். எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கால்மாட்டில் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டாள். நல்ல சூடு. பழைய பொடியை வாரிக் கூடையில் போட்டு, புதுக் கிளிஞ்சலை வைத்து, வேப்பங்கொத்தால் தெளித்து, பானை வாயைக் கட்டினாள். பாய்த்துணியைச் சத்தமில்லாமல் விலக்கி வெளியே வந்தாள்.

காளவாயில் அன்று அவள் வாய் ஓயவில்லை. "இன்னிக்குத்தான் அசந்து தூங்குது. ஒரு இருமல் இல்ல. காலு அப்பிடி சூடு! இனி ஆறு நாளு, அவ்ளோதான்" என்று மணியம்மாளிடம் சொன்னாள், மற்ற பெண்களிடம் சொன்னாள், கேட்காத நாகப்பனிடமும் சொன்னாள். "உன் பெட்டிதான் மாமனப் பொழைக்க வெச்சுச்சு" என்றாள் மணியம்மாள். தனக்கோடி அதை மறுக்கவில்லை. அவளுக்கும் அதுதான் எண்ணம்.

வெயில் ரெண்டு ஆள் உயரம் ஏறியபோது வீட்டுக்கு வந்து, கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அவன் அப்படியே கிடந்தான். "யோவ், போதும் தூங்கினது" என்று சொல்லிக்கொண்டே பாதத்தைத் தொட்டாள். சூடு. தோளைத் தொட்டுத் திருப்பினாள். தோள் திரும்பவில்லை, ஆளே மொத்தமாகத் திரும்பினான். நெற்றியில் கை வைத்தாள்.

நெற்றி ஏரித் தண்ணீர்.

அவள் ஒரு கையை நெற்றியிலும் ஒரு கையைக் காலிலுமாக வைத்துக்கொண்டு நின்றாள். ரெண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று சரிபார்க்கிறவள்போல நின்றாள் என்று பின்னால் வந்த மணியம்மாள் சொன்னாள். எப்போது போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. விடிவதற்கு ரொம்ப முன்னால் இருக்க வேண்டும் என்றார் வைத்தியர். அவள் தெளித்து மூடி வைத்துவிட்டுப் போன சூடு ஒரு பிணத்தின் காலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் அந்த நேரத்தில் காளவாயில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

குப்பமே கூடிவிட்டது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். தனக்கோடி அழவில்லை. "கடைசிவரைக்கும் சூடா வெச்சிருந்தக்கா, குளிர்ல சாவல" என்று மணியம்மாள் தேற்றப் பார்த்தாள்.

"அந்தச் சூடுதான்டி என்னை ஏமாத்திடுச்சு" என்றாள் தனக்கோடி. "காலு ஜில்லுனு இருந்திருந்தா எனுக்குத் தெரிஞ்சிருக்கும். பக்கத்துல குந்தினு இருந்திருப்பேன். தனியா வுட்டுட்டுப் போயிட்டேன்." அது உண்மை.

மத்தியானத்துக்குமேல் குளிப்பாட்டத் தூக்கிவந்து வாசலில் பலகைமேல் கிடத்தினார்கள். வடக்கிலிருந்து காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து நாலு குடம் வந்தது. நாகப்பன் முதல் குடத்தைத் தூக்கினான்.

"அண்ணே, நில்லு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தனக்கோடி வந்து குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"பச்சத் தண்ணி."

"இனி அதுக்கு இன்னா மே குளிரு" என்றான் நாகப்பன். "வுடு. நேரம் ஆவுது."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே போனாள். அன்று ராத்திரிக்கென்று காளவாயிலிருந்து எடுத்துவைத்திருந்த கூடையைத் தூக்கிவந்தாள். அகலமான தொட்டியில் அத்தனை கிளிஞ்சலையும் கொட்டினாள். செம்பால் சுற்றிலும் தண்ணீர் விட்டாள். சீறியது. சீறச் சீற, அதற்கு நடுவில் குடத்தைப் பதித்து வைத்தாள். ஆவி எழுந்து அவள் முகத்தில் அடித்தது, அவள் நகரவில்லை. சாவுமேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இது வழக்கமில்லை என்று சொல்ல வேண்டிய பெரிய மனுஷர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள், அவர்களே தொட்டிக்கு இடம்விட்டு விலகி நின்றார்கள்.

குடத்துத் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தாள். போதாது என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். திரும்பவும் விட்டுப் பார்த்தாள். குடத்தை எடுத்து, வெளிப்பக்கம் ஒட்டியிருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்து, நாகப்பன் கையில் கொடுத்தாள்.

"இப்ப ஊத்து" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.